ஹார்லெம் கலைக்கூடமும் அது தரும் பாடமும்

கலைஞன் பிறக்கிறானேயன்றி ஆக்கப்படுவதில்லை என்றொரு வாசகம் நம்மிடையே நெடுநாளாக வழங்கி வருகிறது. கேட்பதற்கு அது கலைஞனைப் போற்றும் வாசகமாகவே தோன்றும். ஆனால் அதன் நடைமுறைப் பயன் வேறு. பிறவியிலே திறமை வாய்த்தவன் எவ்வாறேனும் வெளிப்பட்டே தீருவான் என்று நம்பிவிட்டால், வெளிப்படாது போனவனுக்காக எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. சேரியிற் பிறந்த சிறுவன் ஓவியனாகாமற் போனால், அவனிடத்தில் அத்திறமை இருக்கவில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம்.

இத்தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதை அறிவதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் 1930-ம் ஆண்டுகளிலே நடைபெற்ற ஒரு முயற்சி தக்க சான்றாகும். நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிலும் சிக்காகோ நகரின் தென்பகுதியிலும் வாழ்ந்த வறிய கறுப்பின இளைஞர்களுக்குச் சில ஆண்டுகள் கலை பயில இடமும், வழிகாட்ட ஆசிரியரும், உண்டு வாழ ஊதியமும் கிடைத்தன. அந்தச் சில ஆண்டுகளில் உருவானவர்களின் பெயர்களை விட்டு இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கலை வரலாற்றை இன்று எவரும் எழுத முடியாது. ஆயினும் அவ்விரு நகரங்களில் எழுந்த நிலையங்களுள் ஒன்று ஐந்தாண்டுக்குள் மறைந்தது. மற்றையது இன்றும் நிலைத்திருக்கிறது. இவை எவ்வாறு தோன்றின, என்ன செய்தன, ஒன்று மறைய மற்றையது நின்றதேன் என்ற வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலாம் உலகப் போர்க் காலந்தொட்டுத் தென்மாநிலக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடபுலத் தொழில் நகரங்களை நோக்கிப் பெயரலாயினர். பருத்தி நிலங்களிலே வாரக் குடிகளாக உழைத்துக் கடனில் மூழ்கிய வாழ்வும், சட்டமாகவே ஆக்கப்பட்டிருந்த நிறவேற்றுமையும், கும்பற் கொலைகளின் அச்சமும் அவர்களைப் பின்னின்று தள்ளின. வடக்கே ஆலைகளில் ஏற்பட்ட ஆட்பற்றாக்குறை அவர்களை முன்னின்று இழுத்தது. இவ்வாறு வந்து குடியேறியவர்களாலேயே ஹார்லெம் உலகப் புகழ் பெற்றது. 1920-ம் ஆண்டுகளிலே அங்கு தோன்றிய கவிஞரும் இசைஞரும் எழுத்தாளரும் 'ஹார்லெம் மறுமலர்ச்சி' என்று வரலாற்றாசிரியர் கூறும் இயக்கத்தை உருவாக்கினர். ஆனால் அம்மறுமலர்ச்சியின் ஒளி, செல்வந்தப் புரவலர்களின் பணப்பையை நம்பியிருந்த ஒளியாகும். 1929-ல் பொருளாதார மந்தம் தாக்கியதும் புரவலர் பலர் மறைந்தனர். முதலில் வேலை இழந்தோர் கறுப்பினத் தொழிலாளரே.

1935-ம் ஆண்டு மார்ச் 19-ந் திகதி, கடையொன்றில் சிறு களவுக்காகப் பிடிபட்ட சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டான் என்ற வதந்தி ஹார்லெமிற் பரவியது. வதந்தி பொய், ஆனால் மக்களின் சினம் பொய்யன்று. அன்றிரவு மூண்ட கலகத்தை ஆராய நகரபிதா லாகார்டியா நியமித்த குழு, வேலையிலும் வீட்டு வசதியிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் நிலவிய பாரபட்சமே அடிப்படைக் காரணம் என்று கண்டது. நகர நிர்வாகம் வெளியிடத் தயங்கிய அவ்வறிக்கையை அடுத்த ஆண்டு ஹார்லெம் பத்திரிகையொன்றே வெளியிட்டது. கலைக்கூடத்தின் கதையை இப்பின்னணியிலே வைத்துத்தான் நோக்க வேண்டும்.

அக்கதையின் மையமாக நிற்பவர் ஓகஸ்ரா சவேஜ் என்னும் சிற்பி. 1892-ம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில், கிறீன் கோவ் ஸ்பிறிங்ஸ் என்ற சிற்றூரில், பல பிள்ளைகள் நிறைந்த வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். அவ்வூர் மண் செங்கல் சுடுவதற்கு உகந்த செம்மண். சிறுமி சவேஜ் அம்மண்ணிலே வாத்துக்களையும் பிற உருவங்களையும் பிடித்து விளையாடினார். போதகராக இருந்த தந்தையோ, உருவம் சமைப்பது மறைக்கு விரோதம் என்று கருதி மகளை அடித்துத் திருத்த முயன்றார். பின்னர் குடும்பம் வேறூருக்குக் குடிபெயர்ந்தபோது, அவரது திறமையைக் கண்ட பாடசாலை அதிபர், நாளொன்றுக்கு ஒரு டொலர் ஊதியத்தில் சக மாணவருக்கு மண் வேலை கற்பிக்க ஏற்பாடு செய்தார். கலைஞர் என்ற வகையில் அவர் பெற்ற முதல் ஊதியம் ஆசிரிய ஊதியமே என்பது கவனிக்கத்தக்கது.

1921-ல் ஐந்து டொலரும் நிறையாத கைப்பணத்தோடு அவர் நியூயோர்க் வந்து சேர்ந்தார். கட்டணம் வாங்காத கூப்பர் யூனியன் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான்கு ஆண்டுப் பாடநெறியை மூன்று ஆண்டுகளில் முடித்தார். 1923-ல் பிரான்சின் பொன்ரென்புளோ நகரில் அமெரிக்கப் பெண்களுக்கென நடைபெறவிருந்த கோடைக்காலக் கலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பதாரி கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் அமெரிக்கத் தேர்வுக் குழு அவரை நிராகரித்தது. உடன் பயணஞ் செய்யும் வெள்ளையினப் பெண்களுக்கு அவரது வருகை சங்கடமளிக்கும் என்பதே காரணம். சவேஜ் அம்மையார் வாய்மூடி இருக்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், கறுப்பின அறிஞர்களும் அவர் பக்கம் நின்று வாதாடினர். தீர்ப்பு மாறவில்லை. சலவைச்சாலையில் நீராவிக்கிடையே உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியபடியே சிற்பம் செய்து வந்தவருக்கு, ஹார்லெம் தெருச் சிறுவன் ஒருவனின் தலையைச் சித்திரிக்கும் அவரது சிற்பம் 1929-ல் றோசன்வால்ட் நிதியத்தின் புலமைப்பரிசிலைப் பெற்றுக்கொடுத்தது. அதன் பின்னரே அவர் பாரிஸ் மாநகரைக் கண்டார்.

பாரிசிலிருந்து திரும்பிய அவர் முன் இரு வழிகள் இருந்தன. புகழ் பெற்ற சிற்பியாகத் தனித்து உயர முயலலாம். அல்லது தாம் தட்டித் தட்டித் திறவாத கதவுகளைப் பிறருக்குத் திறக்க முயலலாம். அம்மையார் இரண்டாவது வழியைத் தெரிந்தார். 1932-ல் ஹார்லெமின் 143-ம் வீதியில் நிலக்கீழ் அறைகளில் ஒரு கலைப் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். தெருவிலே நின்று யன்னலூடாக எட்டிப் பார்த்த பிள்ளைகளையும் உள்ளே அழைத்துக் களிமண்ணைக் கையிற் கொடுத்தார் என்பர். நோர்மன் லூயிஸ், குவென்டலின் நைற், ஏணஸ்ற் கிறிச்லோ முதலியோர் அங்கு பயின்றவர்கள்.

ஆயினும் தனியொருவரின் தியாகத்தால் எவ்வளவு தூரம் செல்ல முடியும்? வாடகை கொடுக்க வேண்டும். மண்ணும் வர்ணமும் வாங்க வேண்டும். பயில்வோர் பசியாற வேண்டும். இந்நிலையிலேதான் சனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அரசு, வேலையற்றோருக்கான பொதுவேலைத் திட்டத்தின் ஒரு பகுதியாக, 1935-ல் சமஷ்டிக் கலைத் திட்டத்தைத் தொடங்கியது. வீதி போடுபவனும் பாலம் கட்டுபவனும் உழைப்பாளி என்றால் ஓவியம் தீட்டுபவனும் உழைப்பாளியே. அவனுக்கும் வாராந்த ஊதியம் உண்டு என்பதே அத்திட்டத்தின் அடிப்படை. கலைஞனைப் புரவலனின் வாயிற்படியிலிருந்து அகற்றித் தொழிலாளரின் சம்பள வரிசையில் நிறுத்திய அச்செயல், வரலாற்றில் சிறியதொன்றன்று. அத்திட்டத்தின் கீழ் நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட சமூகக் கலை நிலையங்கள் எழுந்தன.

ஆனால் அரசு தந்ததெல்லாம் தானாகவே ஹார்லெமுக்கு வந்து சேரவில்லை. கறுப்பினக் கலைஞர் போதியளவு சேர்க்கப்படவில்லை. மேற்பார்வைப் பதவிகளோ எட்டாக் கனியாயின. எனவே 1935-ல் ஹார்லெம் கலைஞர் சங்கம் தோன்றியது. ஓவியர் ஆரன் டக்ளஸ் அதன் முதல் தலைவர். அடுத்த தலைவர் சவேஜ் அம்மையார். சங்கத்தின் வலிமை 1936-ல் சோதனைக்குள்ளாயிற்று. ஹார்லெம் மருத்துவமனையின் சுவர்களில் ஓவியந் தீட்டும் பணி, சாள்ஸ் ஓல்ஸ்ரனின் மேற்பார்வையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. வரைவுகளைக் கண்ட மருத்துவமனை அதிகாரி, அவற்றிலே கறுப்பினத்தவர் மிகுதியாக இடம்பெற்றுள்ளனர் என்று மறுத்தார். ஹார்லெமின் மருத்துவமனைச் சுவரில் ஹார்லெம் மக்களின் முகம் இருத்தலாகாது என்பதே அவ்வாதத்தின் சாரம். சங்கத்தினரும், கலைஞர் தொழிற்சங்கத்தினரும் எதிர்த்துக் குரலெழுப்பினர், வரைவுகள் ஏற்கப்பட்டன. அவ்வோவியங்கள் பிற்காலத்திற் புதுப்பிக்கப்பட்டு அம்மருத்துவமனையிலேயே பேணப்படுகின்றன.

இத்தகைய போராட்டத்தின் பயனாகவே 1937-ம் ஆண்டின் இறுதியில், 125-ம் வீதியும் லெனொக்ஸ் பெருந்தெருவும் சந்திக்கும் இடத்தில், ஹார்லெம் சமூகக் கலை நிலையம் திறக்கப்பட்டது. சனாதிபதியின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ற் அத்திறப்பு விழாவுக்கு வந்திருந்தார். சவேஜ் அம்மையார் நிலையத்தின் பணிப்பாளரானார். ஓவியம், சிற்பம், கல்லச்சு, நெசவு, மட்பாண்டம், புகைப்படக்கலை எனப் பல துறைகளிலும் பகலிலும் இரவிலும் கட்டணமின்றி வகுப்புகள் நடந்தன. பாடசாலைப் பிள்ளையும் வீட்டு வேலைக்காரியும் வேலையற்ற இளைஞனும் அங்கு வந்தனர். முதல் 16 மாதங்களில் நிலையத்தின் நிகழ்ச்சிகளுக்கு வந்தோரின் தொகை 70,000-ஐத் தாண்டியது. கலையில் நாட்டமற்றோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இவர்கள்! நாட்டமின்மை அன்று, கதவின்மையே அவர்களின் குறை என்பதை இவ்வெண்ணிக்கை மெய்ப்பித்தது.

இவ்வேற்பாடு ஒரு தனிமனித வாழ்வில் எவ்வாறு செயற்பட்டது என்பதற்கு யேக்கப் லோறன்சின் வரலாறு சிறந்த உதாரணமாகும். அவர் 13-ம் வயதில், 1930-ல், ஹார்லெமுக்கு வந்தார். தாய் வேலைக்குப் போகும் வேளையில் பிள்ளை தெருவில் அலையாதிருக்க, பாடசாலை முடிந்தபின் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லமொன்றில் சேர்க்கப்பட்டார். அங்கே கலை வகுப்பு நடத்தியவர் மேலே கூறிய சாள்ஸ் ஓல்ஸ்ரன். சிறுவன் தன் போக்கில் வண்ணக் கோலங்கள் வரைவதைக் கண்ட ஓல்ஸ்ரன், அவனைத் திருத்த முற்படாது, வேண்டிய பொருள்களை மட்டும் கொடுத்து வளர விட்டார். பின்னர் 141-ம் வீதியில், முன்பு குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில் ஓல்ஸ்ரன் நடத்திய கூடத்தின் ஒரு மூலையிலே லோறன்ஸ் தொழில் பழகினார். எழுத்தாளரும் இசைஞரும் வந்து வாதிடும் அக்கூடமே அவரது பல்கலைக்கழகம்.

ஆனால் வறுமை அவரைப் பாடசாலையிலிருந்து வெளியேற்றியது. சலவைச்சாலையிலும் அச்சகத்திலும் கூலி வேலை. 1937-ல் சவேஜ் அம்மையார் அவரைக் கலைத் திட்ட அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். 21 வயது நிரம்பவில்லை என்று திருப்பியனுப்பினர். அவ்விளைஞர் அதை மறந்தே போனார். ஆசிரியை மறக்கவில்லை. ஓராண்டின் பின் மீண்டும் வந்து, கையோடு அழைத்துச் சென்று பதிவு செய்வித்தார். வாரத்துக்கு 23 டொலர் 86 சதம் ஊதியம். வாழ்விலே முதன்முறையாக வேறு வேலை செய்யாது ஓவியம் மட்டுமே தீட்டும் காலம் அவருக்கு வாய்த்தது. அத்திட்டத்தில் அவர் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அக்காலத்தை அடுத்து, 135-ம் வீதி நூலகத்தில் வரலாறு கற்றுக் கற்று, தென்மாநில மக்களின் இடப்பெயர்வை 60 ஓவியங்களாக 1941-ல் தீட்டி முடித்தார். அவருக்கு வயது 23. அத்தொடரை இரு பெரும் நூதனசாலைகள் பாதிக்குப் பாதியாக வாங்கின. பிற்காலத்தில் அவர் சியாட்டில் நகரிலே பல்கலைக்கழகப் பேராசிரியராகிப் பல தலைமுறை மாணவரைப் பயிற்றினார்.

இவ்வரலாற்றில் எந்தக் கண்ணியை அகற்றினாலும் சங்கிலி அறுந்துவிடும். பராமரிப்பு இல்லம் இல்லையேல் ஓல்ஸ்ரனைச் சந்தித்திரார். கூடத்தின் மூலை இல்லையேல் கை பழகியிராது. ஊதியம் இல்லையேல் சலவைச்சாலையிலேயே காலம் கழிந்திருக்கும். நூலகம் இல்லையேல் சொல்வதற்குப் பொருள் இருந்திராது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓராண்டு கழித்தும் பெயரை நினைவில் வைத்திருந்த ஆசிரியை இல்லையேல் இவை ஒன்றோடொன்று இணைந்தே இரா. பிறவித் திறமையை நாம் மறுக்கவில்லை. பிறவித் திறமை மட்டும் போதும் என்பதையே மறுக்கிறோம்.

இனி, ஹார்லெம் நிலையத்தின் வீழ்ச்சியைக் காண்போம். 1939-ம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கெனச் சிற்பமொன்று செய்யும் பணி சவேஜ் அம்மையாரை வந்தடைந்தது. அதற்காக அவர் பதவியிலிருந்து விடுப்புப் பெற்றார். பாடும் கறுப்பினப் பிள்ளைகளின் வரிசையே யாழின் நரம்புகளாக அமைந்த, 16 அடி உயரமான அச்சிற்பத்தை மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். எனினும் அதை வெண்கலத்தில் வார்க்கவோ பாதுகாத்து வைக்கவோ பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் சாந்தினாலான அப்படைப்பு இயந்திரங்கொண்டு இடித்தழிக்கப்பட்டது. அவர் வகித்த பணிப்பாளர் பதவியும் திரும்பக் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் நிலையத்தை நடத்திய கவிஞர் குவென்டலின் பெனற், பொதுவுடைமைச் சார்புடையவர் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1941-ல் இடைநிறுத்தப்பட்டார். நாடாளுமன்றத்திலே கலைத் திட்டத்தைப் பகைத்தோர் பணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தனர். உலகப் போர் வந்தது. தூரிகைக்குக் கொடுத்த பணம் துப்பாக்கிக்குப் போயிற்று. 1942-ல் ஹார்லெம் நிலையம் மூடப்பட்டது. மறு ஆண்டு சமஷ்டிக் கலைத் திட்டமே முடிவுக்கு வந்தது. சவேஜ் அம்மையார் 1945-ல் நகரை விட்டுச் சோகேற்றீஸ் என்ற சிற்றூருக்குச் சென்று, 1962-ல் மறைந்தார்.

சிக்காகோவில் நிகழ்ந்தது இதனின்றும் வேறுபட்டது. அங்கே அரசின் பணம் வருவதற்கு முன்னரே கறுப்பின இளைஞர் தமக்குள் ஒரு கூட்டுமுறையை வகுத்திருந்தனர். ஜோர்ஜ் நீல் என்னும் ஓவியரிடம் பயின்ற அவர்கள், விருந்துகள் நடத்திக் காசு சேர்த்தனர். அக்காசில் தம்முள் ஒருவரைப் பெருங் கலைக் கல்லூரியின் வகுப்புக்கு அனுப்பினர். அவர் கற்று வந்ததை ஏனையோருக்குக் கற்பித்தார். ஒருவர் கட்டணத்தில் ஒரு குழுவே கற்றது! அக்குழுவில் இருந்த சாள்ஸ் வைற், பாடசாலைப் பருவத்திலே கலைப் புலமைப்பரிசில்களை வென்று, தோலின் நிறம் தெரிந்ததும் அவற்றை இழந்தவர். பின்னர் கறுப்பின மக்களின் வாழ்வைச் சித்திரித்த தலைசிறந்த ஓவியருள் ஒருவரானார்.

சிக்காகோவில் கலை நிலையம் அமைக்க அரசு முன்வந்தபோது, கட்டடத்தைச் சமூகம் தேட வேண்டும், ஆசிரியரின் ஊதியத்தை அரசு தரும் என்பது ஏற்பாடு. தென்பகுதி மக்கள் நடன விழா நடத்தினர். ஒரு மைல் நீளத்துக்குப் பத்துச் சத நாணயங்களை அடுக்குவோம் என்று கூறி, இளைஞர் தெருச் சந்திகளிலே உண்டியலேந்தி நின்றனர். அவ்வாறு நின்றவருள் ஒருவர் மார்கிரற் பரோஸ் என்னும் இளம் பெண். சேர்ந்த பணத்தில் மிச்சிகன் பெருந்தெருவில் ஒரு பழைய மாளிகை வாங்கப்பட்டது. 1940 டிசெம்பரில் நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த மே மாதத்தில் எலினோர் ரூஸ்வெல்ற் வந்து முறைப்படி தொடக்கிவைத்தார். அந்நிலையத்தின் இருட்டறையிலேதான் கோர்டன் பார்க்ஸ் தம் புகைப்படங்களைக் கழுவி எடுத்தார். அங்கு நடந்த கவிதைப் பயிலரங்கிலே அமர்ந்திருந்த குவென்டலின் புறூக்ஸ், 1950-ல் புலிற்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரானார்.

1943-ல் அரசின் ஊதியம் நின்றபோது சிக்காகோ நிலையமும் பெரும் இடர்ப்பட்டது. ஆனால் கதவை இழுத்து மூட எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஏனெனில் வீடு மக்களுடையது. பத்துச் சதத்தை உண்டியலிற் போட்டவன் அதன் சொந்தக்காரன். எட்டுப் பத்தாண்டுகள் கடந்தும் அந்நிலையம் அதே வீட்டைத் தன் இல்லமாகக் கொண்டு நிலைத்திருக்கிறது. உண்டியலேந்திய மார்கிரற் பரோஸ், சிக்காகோ அரசாங்கப் பாடசாலையொன்றிலே கலை ஆசிரியையாக இரு தசாப்தங்களுக்கு மேல் பணியாற்றினார்; 1961-ல் தம் கணவரோடு சேர்ந்து சொந்த வீட்டிலேயே கறுப்பின வரலாற்று நூதனசாலையொன்றை நிறுவினார். அதுவும் பின்னர் வளர்ந்து பெருநிறுவனமாயிற்று.

இவற்றிலிருந்து, அரசின் உதவியே வேண்டாம், மக்களே தம் காசில் எல்லாவற்றையும் செய்துகொள்ளட்டும் என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அம்முடிவு வறியவன் தலையிலேயே மறுபடியும் சுமையை ஏற்றுவதாகும். உண்டியற் காசில் வீடு வாங்கலாம். நூறு கலைஞருக்கு வாராந்த ஊதியம் கொடுக்க முடியாது. லோறன்சுக்குக் கிடைத்த ஒன்றரை ஆண்டை எந்த உண்டியலும் வழங்கியிராது. அவ்வூதியம் பொதுப்பணத்தினின்றே வரவேண்டும். அது பிச்சையன்று, வரி செலுத்தும் மக்களின் உரிமை. மறுபுறத்தில், அரசின் பணத்தை மட்டும் நம்பி நின்ற நிலையம் ஆட்சியாளரின் மனம் மாறியதும் வீழ்ந்தது என்பதையும் ஹார்லெம் காட்டுகிறது. ஆகவே ஊதியத்தைப் பொதுப்பணத்திலிருந்து கேட்டுப் பெறுதல், இடத்தை மக்கள் கையில் வைத்திருத்தல், இரண்டையும் காக்கச் சங்கமாக நிற்றல் ஆகிய மூன்றும் ஒருங்கு வேண்டப்படுவன.

நான்காவதாக ஒன்றுண்டு; அது ஆசிரியரின் பங்கு. சவேஜ் அம்மையாரின் சிற்பங்களிற் பல இன்று இல்லை. வெண்கலம் வாங்க வசதியின்றி மண்ணிலும் சாந்திலும் செய்யப்பட்டவை அழிந்து போயின. தம் மாணவர் செய்யப்போகும் வேலையே தமக்குரிய நினைவுச் சின்னம் என்று அவர் தம் வாழ்நாளிலேயே கூறினார். அது அடக்கத்தினாற் சொல்லிய சொல்லன்று. வரலாறு அதை உண்மையாக்கிவிட்டது. அவரது நிலையத்தில் கல்லச்சுப் பழகிய றொபேட் பிளக்பேர்ண் என்ற இளைஞர், 1940-ம் ஆண்டுகளின் இறுதியில் தாமே ஓர் அச்சுக்கூடத்தை நியூயோர்க்கில் தொடங்கி, இன வேறுபாடின்றி எல்லாக் கலைஞருக்கும் அதைத் திறந்துவிட்டார். மூடப்பட்ட கதவொன்று இவ்வாறு வேறிடத்திலே திறந்தது.

நகரங்களின் நெருக்கடிமிக்க தெருக்களிலே சுவரிற் கரியால் கோடிழுக்கும் பிள்ளைகள் எந்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுள் கலைஞன் யார் என்று முன்கூட்டியே அறிந்துவிட எவராலும் இயலாது. அறிய வேண்டிய அவசியமுமில்லை. கதவைத் திறந்து வைப்பதும், வந்தவனின் பெயரை நினைவில் வைத்திருப்பதும், அவனுக்குரிய இடத்துக்கும் ஊதியத்துக்குமாக ஒன்றுகூடிக் குரல் கொடுப்பதுமே நம் கடமையாகும்.